சனிக்கிழமை வகுப்பில் கௌரம்மா

லக்ஷ்மிபுரம், மைசூரு
புரட்டாசி 2, வியாழக்கிழமை

சிரஞ்சீவி சௌபாக்யவதி ரஞ்ஜிதாவுக்கு, அம்மா யதுகிரி அநேக ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நான் சௌக்கியம், உன் சௌக்கியத்துக்கு எழுது என்று வழக்கம்போல ஆரம்பித்து, அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். இது இரண்டாவது தாள். நான் சௌக்கியமாக இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, முழங்கால் மட்டும் மாடிப்படி ஏறும்போது முனகுகிறது, ஆனாலும் சௌக்கியமாக இல்லை. உள்ளதை உள்ளபடி எழுதிவிடுவது என்று உட்கார்ந்திருக்கிறேன். எனக்குப் பழக்கமில்லாத காரியம், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொண்டு கடைசிவரை படி.

உன் வீட்டு விலாசம் என்னிடம் இல்லை. வைகாசியில் நீ வீடு மாற்றிவிட்டாய் என்று ஹர்ஷா சொன்னான். விலாசம் கேட்டதற்கு, அக்கா கொடுக்க வேண்டாம் என்றாள் என்று தலையைக் குனிந்துகொண்டான். பாவம், அவனை நடுவில் நிறுத்தி நாம் இரண்டு பேரும் படுத்துகிறோம். பெங்களூரிலிருந்து ஒன்றுவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை வருகிறான், பருப்பு டின்னில் இருக்கிறதா, மாத்திரை டப்பாவில் இருக்கிறதா என்று பார்க்கிறான், உன்னைப் பற்றி நான் கேட்பதற்கு முன்னால் கிளம்பிவிடுகிறான். அதனால் இதை உன் பள்ளிக்கூட விலாசத்துக்கே அனுப்புகிறேன். வாசல் மேஜையில் இருக்கும் டெனிஸ் கையில் கிடைக்கும், அவள் பொறுப்பானவள், உன்னிடம் சேர்த்துவிடுவாள். டெனிஸை இவளுக்கு எப்படித் தெரியும் என்று நீ முழிப்பாய். அதைச் சொல்லத்தான் இவ்வளவு பீடிகை.

ஆனி மாத நடுவில் பக்கத்து வீட்டு நிர்மலா, அதுதான் ஹெப்பாளில் கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் போகிறாளே அவள், சீமையில் நீ இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிற பள்ளிக்கூடத்தின் இன்டர்நெட் பக்கத்தை எனக்குத் திறந்து காட்டினாள். உன் போட்டோ இருக்குமா என்று பார்க்கத்தான் கேட்டேன். கடல், கல் பரப்பின கரை, மஞ்சள் கட்டடம், நடுவில் ஒரு அறிவிப்பு. எங்கள் ஆசிரியர்களையும் ஊழியர்களையும் தெரிந்துகொள்ளுங்கள், சனிக்கிழமைதோறும் ஒரு மணி நேரம், உலகத்தில் எங்கிருந்தும் சேரலாம், வாரத்துக்கு ஒருவர் வந்து தன்னைப் பற்றிப் பேசுவார், உங்களையும் பேச வைப்பார் என்று. நிர்மலா படித்துச் சொல்லி முடிப்பதற்குள் என் மனசு கணக்குப் போட்டுவிட்டது. வாரத்துக்கு ஒருவர் என்றால் ஒரு வாரம் நீயும் வந்துதானே ஆகவேண்டும். என் பேரைப் போட்டால் உனக்குத் தெரிந்துவிடும் என்று நிர்மலாவின் மாமியார் பேரைக் கடன் வாங்கிக்கொண்டேன். கேமராவை அணைத்துவிட்டோம். கௌரம்மா, மைசூரு. அவ்வளவுதான் திரையில் தெரியும். உன்னை ஏமாற்றினேன் என்று கோபித்துக்கொள்ளாதே, கோபித்துக்கொண்டாலும் நியாயம்தான். போனை எடுக்காத பெண்ணைப் பார்க்க எனக்கு வேறு வழி தோன்றவில்லை.

சனிக்கிழமை மூன்றரை மணி எப்போது வரும் என்று புதன்கிழமையே பார்க்க ஆரம்பித்துவிடுவேன். முதல் வாரம் டெனிஸ். வெளியூரிலிருந்து படிக்க வருகிற பிள்ளைகளுக்குத் தங்க வீடு பார்த்துக் கொடுப்பது அவள் வேலையாம், எந்தப் பிள்ளை அழும், எந்தப் பிள்ளை அழாத மாதிரி இருக்கும் என்று பெட்டியைத் தூக்குகிற விதத்தை வைத்தே சொல்லிவிடுவாளாம். என் முறை வந்ததும் கௌரம்மா, எங்கள் குரல் கேட்கிறதா என்றாள். நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருபது வருஷம் காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு சொன்ன தோரணையிலேயே, ஹோல்ட் ஆன் ப்ளீஸ், யூ ஆர் த்ரூ என்று சொல்லிவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள், டெனிஸ் கை தட்டினாள். அன்றிலிருந்து அவளுக்கு என் மேல் தனி அபிமானம். இரண்டாம் வாரம் உங்கள் தலைமை ஆசிரியர் காலின், தலை ஈரத்தோடு வந்து உட்கார்ந்தார். தினமும் விடிந்ததும் கடலில் குளித்துவிட்டுத்தான் வருவாராம், மார்கழியிலும். அந்த வயசில் அது தேவையா என்று நினைத்தேன், சொல்லவில்லை. இப்படி ஒவ்வொருவராக. கடல் காக்கை பறந்து வந்து கையிலிருக்கிற ரொட்டியைப் பிடுங்கிக்கொண்டு போகும் என்று அவர்கள் சொன்னபோது, நீ சின்ன வயசில் சாமுண்டி மலையில் குரங்கிடம் வாழைப்பழத்தைக் கொடுத்துவிட்டு ஓடிவந்தது ஞாபகம் வந்தது. உன் கூட இருக்கிறவர்கள் நல்லவர்கள் ரஞ்ஜிதா. அது தெரிந்ததில் பாதி நிம்மதி.

எட்டாவது வாரம் உங்கள் கேன்டீன் லுர்தெஸ் வந்தாள். போர்ச்சுகல்காரி, இங்கிலீஷ் அவளும் கற்றுக்கொண்டது என்பதால் நிறுத்தி நிறுத்திப் பேசினாள், ஒரு வார்த்தைகூட எனக்கு விட்டுப்போகவில்லை. சமையலறையில் தான் யாரிடமும் ஓகேவா என்று கேட்கமாட்டேன் என்றாள். ஏன் என்று ஒரு பையன் கேட்டான். போன வருஷம் இங்கே ஒரு டீச்சர் பெட்டியோடு வேலைக்கு வந்தாள், அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, மத்தியானம் நேரே ஏர்போர்ட் போகவேண்டும் என்று பெட்டியை என் அடுப்படிக் கதவோரம் நிறுத்தினாள், பதினோரு மணிக்கு அம்மாவிடம் பேசினாள், ஓகே என்று அம்மா சொல்லிவிட்டாள் என்று டிக்கெட்டைத் திருப்பிவிட்டு, சாயங்காலம் பெட்டியை உருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள் என்றாள். அப்புறம் ஊருக்குப் போய்த் திரும்பினபிறகு ஒரு மாதம் அந்தப் பெண் என் அடுப்படியில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து வெறும் சாதம் சாப்பிட்டாள், நான் ஒன்றும் கேட்கவில்லை, பக்கத்தில் நின்று காய் நறுக்கிக்கொண்டிருந்தேன் என்றாள். பேர் சொல்லவில்லை. எனக்கு எதற்குப் பேர். நிர்மலா அந்த நேரம் காபி கொண்டுவந்தாள், வாங்கக் கை வரவில்லை. நீ டிக்கெட் எடுத்திருந்தாய் என்பதே எனக்குத் தெரியாது. பெட்டியைக் கட்டிவிட்டுத்தான் என்னைக் கேட்டாய் என்று தெரியாது. அந்த லுர்தெஸுக்கு நான் செய்யவேண்டிய நமஸ்காரத்தை நீ சொல்லிவிடு. நான் நிற்கவேண்டிய இடத்தில் அவள் நின்றிருக்கிறாள்.

போன சனிக்கிழமை பதினோராவது வாரம். நீ வந்தாய். பத்து மாதம் கழித்து உன் முகத்தைப் பார்த்தேன். கூந்தலைக் கழுத்தோடு வெட்டிவிட்டாய், பரவாயில்லை என்று எழுத வந்தது பார், அடித்துவிட்டேன். எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் உனக்கு நன்றாக இருக்கிறது. கன்னம் ஒட்டிப்போயிருக்கிறது. பேச ஆரம்பிக்கிறதற்கு முன்னால் கண்ணாடியைக் கழற்றி ஸ்கார்ஃப் நுனியில் துடைத்தாய், அப்பா அங்கவஸ்திர நுனியில் துடைப்பாரே, அதே மாதிரி, இடது பக்கம் முதலில். நான் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். இங்கிலீஷில் சொல்ல முடியாத உங்கள் பாஷை வார்த்தை ஒன்றை ஆளுக்கு ஒன்று சொல்லுங்கள், முதலில் நான் சொல்கிறேன் என்று, பரவாயில்லை என்றாய். அதற்கு நன்றாயிருக்கிறது என்று அர்த்தம், மோசமில்லை என்றும் அர்த்தம், வேண்டாம் என்றும் அர்த்தம், மன்னித்துவிட்டேன் என்றும் அர்த்தம், சொல்கிறவர் முகத்தைப் பார்த்துத்தான் எதுவென்று கண்டுபிடிக்க வேண்டும், அதனால் இதை டெலிபோனில் மட்டும் சொல்லாதீர்கள் என்றாய். சிரித்துக்கொண்டே சொன்னாய். எல்லோரும் சிரித்தார்கள். அது யார் சொன்ன வார்த்தை என்று அந்தக் கூட்டத்தில் நம் இரண்டு பேருக்குத்தான் தெரியும், அதில் ஒருத்தி அங்கே இருக்கிறாள் என்று உனக்குத் தெரியாது.

பிறகு ஒவ்வொருவராகக் கூப்பிட்டாய். பிரேசில் பையன் ஒன்று சொன்னான், துருக்கிப் பெண் ஒன்று சொன்னாள். கௌரம்மா, மைசூரிலிருந்தா, எனக்கும் அதே ஊர்தான் என்றாய். உன் வார்த்தை என்ன என்று கேட்டாய். என்னிடம் வார்த்தை இருந்தது. நாக்கு நுனியில் இருந்தது. மைக்கைத் திறந்தாயிற்று, ஃபேன் சத்தம் உனக்குக் கேட்டிருக்கும். இருபது வருஷம் ஊரில் இருக்கிறவர்களை எல்லாம் இணைத்துவிட்டவளுக்கு வாயடைத்துப்போனது. நீ காத்திருந்தாய், பொறுமையாகத்தான் காத்திருந்தாய், நல்ல டீச்சர் நீ. அப்புறம், நெவர் மைண்ட் கௌரம்மா, அடுத்த தடவை சொல்லலாம் என்று ரொம்பப் பிரியமாகச் சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போனாய். நெவர் மைண்டுக்குத் தமிழில் என்ன என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நான் உனக்குச் சொன்னதையே நீ எனக்குச் சொன்னாய், அவ்வளவு பிரியமாகச் சொன்னாலும் கதவு சாத்துகிற மாதிரிதான் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. கம்ப்யூட்டரை மூடிவிட்டு அழுதேன். நிர்மலா பயந்துபோய் தண்ணீர் கொண்டுவந்தாள்.

இப்போது அந்த நாளைச் சொல்கிறேன். ஹர்ஷாவுக்கும் தெரியாது. போன ஐப்பசியில் ஆஸ்பத்திரியில் அன்றைக்கு மத்தியானத்துக்கு மேல் அப்பா கண் விழித்ததும் கேட்டது, "கொழந்தை வராளா?" அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் நீ போன் பண்ணினாய். வராந்தாவுக்கு வந்து பேசினேன். நான் வரட்டுமா அம்மா என்று கேட்டாய். பரவாயில்லை, வா என்றுதான் என் மனசில் இருந்தது. நம் ஆத்தில் நான் எப்போதும் பாதிதான் சொல்வேன், மீதியை நீங்கள் ரொப்பிக்கொள்வீர்கள், காபி வேணுமா என்றால் பரவாயில்லை என்பேன், அப்பா போட்டுக்கொண்டு வருவார். இங்கே கன்னடத்துக்காரர்களும் அப்படித்தான், பரவாகில்ல என்றால் வா என்றும் ஆகும், வராதே என்றும் ஆகும். ஆனால் அது மட்டும் காரணம் இல்லை. கர்வமும் இருந்தது. பெற்ற தகப்பன் படுத்திருக்கிறார், வரட்டுமா என்று கேட்பானேன், வரேன் என்று சொல்லட்டுமே, நான் வா என்று வாய்விட்டுக் கேட்கவேண்டுமா என்று ஒரு நிமிஷம் முறுக்கிக்கொண்டேன். அந்த ஒரு நிமிஷம்தான். நீ சரிம்மா என்று வைத்துவிட்டாய். திரும்பக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை.

உள்ளே போனதும் அப்பா முகத்தைப் பார்த்தார். நான், "பொறப்பட்டுட்டா, வந்துண்டிருக்கா" என்றேன். பொய். அன்று சாயங்காலமே, வேளை பார்க்காமல் ஆளை வரவழைத்து க்ஷவரம் பண்ணிக்கொண்டார், இந்தத் தாடியோடு கொழந்தை பார்த்தால் பயந்துடுவா என்று. மறுநாள் எங்கே வந்திருப்பாள் என்றார், துபாய் என்றேன். அதற்கு மறுநாள் பெங்களூரில் இறங்கிவிட்டாள் என்றேன். மூன்றாம் நாள் சாயங்காலம் போய்விட்டார். நீ வந்து இறங்கினபோது எல்லாம் முடிந்து ஆத்தைக் கழுவிவிட்டாயிற்று. பெட்டியைக் கீழே வைக்காமல் வாசலில் நின்று, "நீதானேம்மா பரவாயில்லன்னே" என்றாய். நான் பதில் சொல்லவில்லை. பதின்மூன்றாம் நாள் சுபம் ஆன மறுநாள் கிளம்பிவிட்டாய். அன்றிலிருந்து அந்தக் கேள்வி வாசலிலேயே நிற்கிறது. இப்போது பதில் சொல்கிறேன். ஆமாம், நான்தான். உன் மேல் ஒரு தப்பும் இல்லை. பெட்டியைத் திருப்பி உருட்டிக்கொண்டு போனது நீ இல்லை, நான்தான் திருப்பினேன். ஒன்று மட்டும் தெரிந்துகொள், அப்பா உன்னைக் குறையாக நினைத்துக்கொண்டு போகவில்லை, நீ வழியில் இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டுதான் போனார். அதைச் சொல்வது உனக்கு ஆறுதலா, இன்னும் வலியா தெரியவில்லை. மறைத்துவைக்க எனக்குத் தெம்பு இல்லை.

மற்றபடி ஊரில் தசராவுக்கு யானைகள் ஒத்திகை நடக்கிறது, பஸ்ஸெல்லாம் சுற்றிக்கொண்டு போகிறது. உன் ஜன்னலுக்கு வெளியே இருக்கிற கொய்யா இந்த வருஷம் கொட்டிக் கிடக்கிறது, அணிலுக்கும் நிர்மலாவுக்கும்தான் யோகம். அப்பாவின் ரயில்வே ஒர்க்‌ஷாப் நண்பர்கள் இன்னும் ஏகாதசிக்கு வந்து பத்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டுப் போகிறார்கள். நீ காற்றடிக்கிற கரையில் காதை மூடாமல் நடக்காதே, வெட்டின தலைக்கும் எண்ணெய் வேண்டும். வெறும் சாதம் சாப்பிடாதே. ரசப்பொடி தனியாக அனுப்புகிறேன், லுர்தெஸுக்கும் ஒரு பொட்டலம் இருக்கிறது, காரம் என்று முன்கூட்டியே சொல்லிவிடு. இனிமேல் சனிக்கிழமை வகுப்புக்கு நான் வரமாட்டேன், கௌரம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று டெனிஸ் கேட்டால் உன் இஷ்டம்போல் சொல்லிக்கொள்.

நம் பெருமாள் செலுவநாராயணன் உன்னை நன்றாக வைக்கட்டும். நீ தீர்க்காயுசாக, வயிறும் மனசும் குளிர்ந்து இருக்கவேண்டும். ஐப்பசியில் அப்பாவின் முதல் வருஷத் திதி, ஆப்தீகம், தேதியை ஹர்ஷா உனக்கு அனுப்பியிருப்பான். இதை நினைவூட்டலாக வைத்துக்கொள். அன்றைக்கு வகுப்பில் நீ கேட்டு, நான் சொல்லாமல் விட்ட வார்த்தையை இங்கே எழுதுகிறேன். அதற்கு முன்னால் பரவாயில்லை கிடையாது.

வா.

இப்படிக்கு,
உன் அம்மா
யதுகிரி நரசிம்மமூர்த்தி