லமினேற்றுக்குத் தப்பிய சுவரொட்டி

கிரின்ஸ்டெட், டென்மார்க்
திங்கட்கிழமை

அன்பு மகள் மேர்சிக்கு,

மடு மாதாவின் துணையால் இங்கே அம்மாவும் நானும் சுகம், கிராக்கோவில் நீயும் குளிருக்குக் கவனமாக, நேரத்துக்குச் சாப்பிட்டு நலமாயிருக்க வேண்டுகிறோம். முதலே சொல்லிவிடுகிறேன், உன் சுவரொட்டி பத்திரமாக இருக்கிறது, ஒரு கீறல்கூட இல்லை. போன வாரம் உன் அப்பா செய்யப்போன வேலை அப்படி.

நத்தார் விடுமுறைக்கு வந்தபோது அலுமாரியில் வைத்துவிட்டுப் போனாயே, உன் வீட்டுக்காரக் கிழவி தந்த 1912ஆம் ஆண்டுக் கண்காட்சிச் சுவரொட்டி, அதை அடுத்த மாதம் அங்கே மியூசியத்தில் வைக்கப்போகிறார்கள் என்று நீ போனில் சொன்னதும் விரித்துப் பார்த்தேன், ஓரமெல்லாம் உதிர்ந்துகொண்டிருந்தது. பெறுமதியான கடதாசி என்றால் லமினேற் பண்ணுவதுதானே பிள்ளை எங்களுக்குத் தெரியும். ஊரைவிட்டு இந்த நாட்டுக்கு வரும் வழியில் பிறப்புச் சான்றிதழைத் தண்ணீருக்குப் பறிகொடுத்தவன் நான், உன் தடுப்பூசி அட்டைகூட வீட்டில் பிளாஸ்டிக்குக்குள்தான் கிடக்கிறது. இங்குள்ள கடை மெஷினுக்குள் அடங்காதென்று எஸ்பியர்க்கில் ஒரு கடையைப் பிடித்தேன், அவர்களுடைய மெஷினுக்கும் இது பெரிது, கீழே இரண்டு விரலகலம் வெட்டினால் சரி என்று நானே முடிவு கட்டினேன்.

வேலை முடிய நேரே போகலாமென்று தொழிற்சாலைக்குக் கொண்டுபோனது நல்லதாய்ப் போயிற்று. என்னோடு வேலை செய்யும் போலந்துக்காரர் மாறெக், பூசையில் எங்களுக்கு முன் வாங்கில் இருப்பவர், அவரிடம் எழுத்தை வாசித்துச் சொல்லக் கேட்டேன். வெட்டப்போகும் கதையைக் கேட்டதும் மனிதர் அதைச் சுருட்டித் தன் லொக்கருக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கை உரித்தால் படமும் சேர்ந்து வரும், நான் வெட்ட இருந்த ஓரத்தில்தான் அச்சகத்தின் பெயரே இருக்கிறது, ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிக் கல்லில் வரைந்து அச்சடித்தது என்று டேனிஷில் ஏசினார். உலகப் படத்தில் போலந்து என்று ஒரு நாடே இல்லாத காலத்தில் தங்கள் மொழியில் இவ்வளவு அழகாய் எழுதித் தெருவில் ஒட்டியிருக்கிறார்கள் என்று சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இப்போது அவர் சொன்னபடி இரண்டு மட்டைகளுக்கு நடுவே தட்டையாக வைத்திருக்கிறேன், நெஞ்சிலிருந்த கல் இறங்கியது போல இருக்கிறது.

"சுவரில ஒட்டுற நோட்டீசைப் படிக்கவோ அவ்வளவு தூரம் போறாய்" என்று நான் கேட்டதை நீ மறந்திருக்கமாட்டாய். நான் சொன்னது பிழை மகள். உனக்குத் தெரியாத இன்னொன்றும் இருக்கிறது, இங்கே கேட்பவர்களுக்கெல்லாம் நீ கொம்பியூட்டர் படிப்பதாகத்தான் சொல்லிவந்தேன். நேற்றுப் பூசை முடிய தேவராசா அண்ணை விசாரித்தார், பழைய போலந்துச் சுவரொட்டிகளைப் படிக்கிறாள் என்று நாலு பேருக்கும் கேட்கச் சொன்னேன்.

ஆண்டவர் உன்னை ஆசீர்வதித்துக் காக்கட்டும். வெள்ளிக்கிழமை சுவரொட்டியை எடுக்க வரும்போது உடனே ஓடிவிடாதே, இரண்டு நாள் நில். அதென்ன படிப்பு என்று தேவராசா அண்ணை திருப்பிக் கேட்டார், எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அன்புடன் அப்பா
அந்தோனிதாசன்