அட்டையில் எழுதிய பேர்

நெய்வேலி
12.6.2013

அன்புள்ள வெங்கடேஷுக்கு அம்மா எழுதுவது. எங்கள் இரண்டு பேருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை, எனக்கு மனசுதான் சரியில்லை, பூனாவில் நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு சுகமாக இருக்க வேண்டும் என்று சாமியைக் கும்பிட்டுவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். அப்பாவுக்கு மைன்ஸில் இந்த மாதத்தோடு வேலை முடிகிறது, குவார்ட்டர்ஸைக் காலி செய்யப் பாதிச் சாமானை விற்றாயிற்று. உன் கேம் சிடிகளையும் விற்கட்டுமா என்று கேட்டபோது, வாங்கியதை விற்கலாம் அம்மா, அது நம் கையை விட்டுப் போய்விடும், காப்பி போட்டு விற்றால்தான் திருட்டு என்று போனில் சொன்னாயே, அதை நம்பித்தான் பண்ருட்டி சிடி கடைக்குக் கொண்டுபோய் விற்றேன். உன் கம்பெனி போட்ட கார் ரேஸ் கேமும் அதில் இருந்தது, நீ கடையில் வாங்கி அப்பாவுக்கு ஆசையாக அனுப்பினது.

போகுமுன் ஒரு முட்டாள்தனம் செய்தேன். குடமோ குக்கரோ பேர் வெட்டாமல் நான் வைத்ததில்லை, பேர் இருந்தால்தான் பழைய சாமானை வாங்குகிறவர்களும் திருட்டுப் பொருள் இல்லை என்று நம்புவார்கள். அதே பழக்கத்தில் அந்த கார் ரேஸ் சிடியின் அட்டையில் மார்க்கர் பேனாவால் மா. வெங்கடேஷ் என்று எழுதி, பெருமை தாங்காமல் இந்த கேமைச் செய்தவர் என்றும் சேர்த்தேன். போன ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டு எழில்மதி தன் தம்பிக்கு அதே கடையில் ஒரு காப்பி சிடி வாங்கி வந்தாள். அட்டையைப் பார்த்தால் என் கையெழுத்து, பாவி கடைக்காரன் பேரோடு சேர்த்து ஜெராக்ஸ் எடுத்திருக்கிறான்.

மறுநாள் முதல் பஸ்ஸிலேயே போய் கடைக்கார சிங்காரவேலைக் கேட்டேன். நீங்க வித்தீங்க, நானும் விக்கிறேன், பேர் போட்ட அட்டைன்னாதாங்க நம்பி வாங்கிகினு போறாங்க என்கிறான். நான் விற்றது என்னிடம் இல்லை, நீ விற்றது இன்னும் உன் கடையிலேயே இருக்கிறதே, அது எப்படி என்று சத்தம் போட்டேன். உங்க புள்ள ஸ்கூல் படிக்கசொல்ல இங்கதான காப்பி வாங்கிகினு போனீங்க, அப்ப தெரியலீங்களா என்றான். மலிவாகக் கிடைக்கிறது என்று உனக்கு வாங்கித் தந்ததெல்லாம் காப்பிதான், நீ தொழில் கற்றதும் அதில்தான். கடையில் மீதி இருந்த காப்பிகளைப் பிடுங்கி வந்துவிட்டேன், விற்றுப்போனது எந்தெந்த ஊரில் இருக்கிறதோ.

பண்ருட்டியில் நடப்பது பூனாவுக்கா தெரியப்போகிறது என்கிறார் அப்பா. எனக்குப் பயமாக இருக்கிறது ராசா. ஒரு அட்டை உன் மேனேஜர் கையில் கிடைத்தால், காப்பி போட நீதான் வெளியே விட்டாய் என்றல்லவா நினைப்பார்கள்? அவர்கள் கேட்கும்வரை இருக்காதே, நீயே போய் முதலில் சொல்லிவிடு. அம்மாவைக் காட்டிக்கொடுப்பதா என்று மறைக்காதே. ஒரு அட்டையும் இதோடு வைத்திருக்கிறேன்.

உன் வேலைக்கு ஒரு குறையும் வராமல் நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். காலையில் வெறும் டீயோடு ஓடாதே. இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடாமல் ஆபீசில் காட்டு, எழுத்தை ஒத்துப் பார்க்கட்டும் என்று அதே மார்க்கர் பேனாவால் கீழே எழுதுகிறேன்.

மா. வெங்கடேஷ், இந்த கேமைச் செய்தவர்.

இப்படி எழுதியது அவன் அம்மா,
மா. கமலா
டைப் டூ குவார்ட்டர்ஸ், நெய்வேலி