அஞ்சலையின் கடைவாய்ப் பல்

செவ்வாய்க்கிழமை, இரவு.

கண்ணை மூடினால் அஞ்சலையின் முகம் மிதந்து வருகிறது. மனநல வார்டுக்கு வந்ததிலிருந்து அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "சிஸ்டர், பல்லுக்குள்ள மிஷினு மண்ணு தோண்டிக்கினே இருக்குதுங்க" என்று அழுதுகொண்டிருந்தாள். கம்மாபுரத்துக்காரி. அவளுடைய நிலம் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போனது. அதனால் இதுவும் நோயின் பேச்சு என்றே நினைத்தோம்.

இன்று அவள் சோற்றைத் தொடவில்லை. தூக்க மருந்தைக் கூட்டலாம் என்றார் டாக்டர். "முதல்ல வாயைப் பார்த்துடலாமா சார்?" என்றேன். அவரே டார்ச் பிடித்தார். கடைவாய்ப் பல்லின் அடியில் சீழ் கட்டி, ஈறு கோவைப்பழமாகச் சிவந்திருந்தது.

பல் பிரிவுக்கு அனுப்பினோம்; அங்கே பல் டாக்டர் சீழை எடுத்துப் பல்லையும் பிடுங்கினார். திரும்பி வந்தவள் பஞ்சைக் கடித்தபடியே தூங்கிப்போனாள். ஜன்னல் காற்றில் அவள் முந்தானை மட்டும் அசைந்தது. அவள் அழுகை நின்றதில் வார்டு முழுவதும் தண்ணீருக்கடியில் இருப்பதுபோல் இருந்தது.

சாயங்காலம் பக்கத்துக் கட்டில் ருக்மணிக்கு மாத்திரை கொடுக்கப் போனேன். வந்த நாள் முதல் வாய் திறக்காதவள். மாத்திரையை வாங்காமல், என் கையை எடுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள்.

"இங்க வலிக்குதுங்க."

டாக்டரிடம் சொல்லிவிட்டேன். காலையில் ஸ்கேன். அவள் குரல் அவ்வளவு மெல்லியது என்று இன்றுதான் தெரிந்தது.