கொத்திவிட்ட பல்

ஜூன் 14, வெள்ளி

அப்பாவின் மேல் முன்பல் போய் இரண்டு மாதம். குற்றவாளி: நான். ஆயுதம்: ரப்பர் பல்லி. அப்பாவின் சோற்றுத் தூக்கில் வைத்தேன். வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து மூடியைத் திறந்தவர் துள்ளி எழுந்து, பக்கெட்டில் கால் இடறி, தண்ணீர் டிரம் விளிம்பில் வாயை மோதினார். பல்லியில் பல் போய் ‘லி’ மட்டும் மிச்சம்.

அம்மாவிடம் அப்பா சொன்னது: “வழுக்கிட்டேன்.” என்னை மாட்டிவிடவில்லை. அதுதான் உறுத்துகிறது.

பல்லோடு சீழ்க்கையும் போய்விட்டது. சாரத்தின் மேல் நின்று அப்பா ஒரு சீழ்க்கை அடித்தால் கீழிருந்து சிமெண்டுக் கலவை கிளம்பும். இப்போது வெறும் காற்று. கலவை போடும் அனூப் மலையாளத்தில் கேட்கிறான்: “மேஸ்திரீ, டயர் பஞ்சராயோ?” அப்பா வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார். முன்பெல்லாம் பொத்த மாட்டார்.

ஜூன் 21, வெள்ளி

பல் ஆஸ்பத்திரி. டாக்டர் விஷ்ணுப்ரியா, வலியசாலை அக்ரகாரத்துத் தமிழ்க்காரர். முதலில் மலையாளம் பேசினார். அப்பா வாயைத் திறந்ததும் (இரண்டு அர்த்தத்திலும்) தமிழுக்கு மாறிவிட்டார். நாளை தாடையில் இறக்கப்போகும் டைட்டானியம் திருகைக் காட்டினார். என் சுண்டுவிரல் நகம் அளவு.

“கழுத்து மட்டும் வழவழன்னு இருக்கு பாருங்கோ, அழுக்கு சேராம இருக்க. கீழே மணல் அடிச்சு, ஆசிட்ல அரிக்க விட்டு, சொரசொரப்பாக்கியிருக்கா. எலும்பு அதுலதான் பிடிச்சுக்கும்.”

“அதாவது, கொத்திவிட்டிருக்கு,” என்றார் அப்பா.

“என்னது?”

“வழவழன்னு இருக்க கான்கிரீட்டுல பூசுனா பூச்சு உதிந்துரும் டாக்டரம்மா. உளி வச்சு கொத்திவிட்டாத்தான் பிடிக்கும்.”

டாக்டர் அப்பாவையே பார்த்தார். “இதைத்தான் நான் மூணு வருஷமா படிச்சிண்டிருக்கேன்.”

பிடிக்க மூன்று மாதம். சிலருக்குப் பிடிக்காமலே கழன்றுவிடுவதும் உண்டாம்.

ஜூன் 22, சனி

திருகு இறங்கியது. என்னென்ன செய்யக்கூடாது என்று மலையாளத்தில் ஒரு தாள் கொடுத்தார்கள். அப்பாவுக்கு மலையாளம் பேசத்தான் தெரியும். நான்தான் டாக்டர் குரலில் நடித்து வாசித்துக் காட்டினேன். அம்மா சிரித்தாள், அப்பா சிரித்தார். தாளில் என்ன இருக்கிறது என்று யாரும் காதில் வாங்கவில்லை.

சாயங்காலம் பார்த்தால் குழாயடியில் அப்பா. கொப்பளித்துக் கொப்பளித்துத் துப்புகிறார்.

“என்னப்பா பண்ணுதீங்க?”

“சுவரு பூசுனா தண்ணி காட்டணும்லாட்டி? இல்லேன்னா வெடிச்சுரும்.”

துப்பியது சிவப்பு. நிற்கவில்லை. டாக்டருக்குப் போன் போட்டேன். நான் நடிக்காம ஒழுங்கா வாசிச்சிருந்தா?

“இது சிமெண்ட் இல்லே, கேட்டோ. ரத்தம் அங்கே உறையணும், அப்புறந்தான் எலும்பு வளரும். பஞ்சை மடிச்சு அழுத்திக் கடிச்சிண்டு இருக்கச் சொல்லு. கொப்பளிக்கவே படாது.”

அரைமணி நேரத்தில் நின்றது. திருகு நின்றதா? மூன்று மாதம் கழித்துத்தான் தெரியுமாம்.

ஜூன் 23, ஞாயிறு

அப்பாவின் பென்சிலால் குழாய்க்கு மேலே எழுதினேன், தமிழில், பெரிதாக: கடைவாயில் மெல்லு. பீடி, மூச். திருகை நாக்கால் தொட்டால் மகள் செல்வி கடிப்பாள்.

ஜூலை 16

பீடி இல்லாத இருபத்தைந்தாம் நாள். அப்பா வாயில் ஏலக்காய். பக்கத்தில் உட்கார்ந்தால் பாயசம் வாசம்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

இனி முடியாது. அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தபோது பல்லி விஷயத்தைச் சொல்லிவிட்டேன். அழுகையும் வந்துவிட்டது, சே.

அம்மா நிமிரக்கூட இல்லை. “அன்னைக்கே தெரியும்ட்டி. டிரம்முக்குள்ள பல்லி மெதந்துச்சு. தனக்குத்தானே ரப்பர் பல்லி வச்சு வழுக்கி விழுத ஆளா உங்கப்பா?”

“அந்தப் பல்லி எங்க?”

“உங்கப்பாகிட்ட கேளு.”

கேட்கவில்லை. செதில் அள்ளிப் போட்டேன்.

செப்டம்பர் 28, சனி

காலையிலிருந்து ஜோக் ஒன்றும் வரவில்லை. டாக்டர் சின்னக் கண்ணாடியின் பிடியால் திருகைத் தட்டினார். டிங். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். பூசிய சுவரைத் தட்டி, உள்ளே பொந்து இருக்கிறதா என்று கேட்பாரே, அதே முகம்.

“இன்னொருக்கா தட்டுங்க.”

டிங்.

“பொந்து இல்ல டாக்டரம்மா. கெட்டி.”

டாக்டர் பிடிப்பை அளக்கும் ஒரு மெஷினையும் வைத்துப் பார்த்தார். எழுபத்தாறு காட்டியது. “மெஷினும் அதையேதான் சொல்றது. நன்னா பிடிச்சிருக்கு.”

எழுபத்தாறு. என் கணக்கு மார்க்கைவிட முப்பது அதிகம். பல் படிப்பில் கெட்டி.

அக்டோபர் 16, புதன்

திங்கள்கிழமை திருகின் மேல் பல் ஏறியது. இன்று இடைவேளையில் சோற்று டப்பாவைத் திறந்தேன். தயிர்சாதத்தின் நடுவில், மாதுளை முத்துகளுக்கு இடையே, ரப்பர் பல்லி. நான் அலறியதில் பக்கத்தில் இருந்த சுமியின் மோர் அவள் மடியில். சார் என்னை வெளியே நிறுத்தினார். நின்றேன், சந்தோஷமாக.

பள்ளி விட்டதும் நேராக ஆரியசாலையில் அப்பா வேலை செய்யும் கட்டிடத்துக்குப் போனேன். மூன்றாம் மாடிச் சாரத்தில் இருந்தார். பல்லியைத் தூக்கிக் காட்டினேன். அப்பா வாயில் இரண்டு விரல் வைத்தார். தெரு முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

அனூப் கலவையை எடுக்கவே இல்லை. யாருக்கான சீழ்க்கை என்று அவனுக்கும் தெரிந்திருந்தது.