விழுந்த இறகா, பிடுங்கிய இறகா

எனக்கென்று ஒரு பெயர் இருந்தும் 'அம்மணி' என்று மட்டுமே கூப்பிட்ட என் அண்ணாவுக்கு,

அன்று உன்னிடம் நான் சொல்லாதது இதுதான்: "இது கறிக்கடை இறகு இல்லை."

கணபதியில் உன் வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து நீ பொய் ஈ கட்டிக்கொண்டிருந்தாய். தூண்டில் முள்ளில் நூலைச் சுற்றி, முயல் முடியை உடம்பாக வைத்து, கடைசியில் ஒரு சேவல் இறகைச் சுழற்றிக் கட்டுவாய். தண்ணீரில் விழுந்த பூச்சி என்று நம்பி கெண்டை வந்து கவ்வ வேண்டும். அதற்கு ஈ மிதக்க வேண்டும். மிதக்க வேண்டுமென்றால் இறகு விறைப்பாக இருக்க வேண்டும். "மத்ததெல்லாம் எப்படியோ இருக்கட்டும், இறகை மட்டும் பாத்துத்தான் எடுக்கோணும்" என்பாய்.

உக்கடத்துக் கறிக்கடையில் வாங்கியது என்றாய். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். செம்பு நிறம். வளைத்து விட்டால் உடனே நிமிர்ந்துகொண்டது. பிராய்லர் கோழியின் வெள்ளை இறகு தண்ணீர் பட்டதும் பஞ்சாய் ஊறி அமிழ்ந்துவிடும். வயதேறிய சண்டைச் சேவலின் கழுத்தில்தான் இப்படி இறகு இருக்கும்.

"இறகுல என்ன அம்மணி படிக்கிற?"

"ஒண்ணுமில்லண்ணா."

சேவல் காலில் கட்டிய கத்தி உன் கையைக் கிழித்த வருடம், உன் மகள் பாப்பாவின் தலையில் கை வைத்து அண்ணியிடம் சத்தியம் செய்தாய், இனிமேல் சேவல்கட்டுக்குப் போவதில்லை என்று. அதை நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

நீ பட்டறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்து, எழாமலே போன பிறகு, இறகு டப்பாவை அண்ணிதான் திறந்தார். சேவல் வளர்த்த வீட்டில் பிறந்தவர். எனக்குப் புரிந்தது அவருக்குப் புரியாமல் போகுமா? பாப்பாவுக்கு உடம்பு லேசாகச் சுட்டாலும் என்னிடம் வந்து நின்றார். "உங்கண்ணன் போனாரா, போகலையா? எம்புள்ள தலையில கை வெச்சாரு, கண்ணு."

நான் இறகுகளின் அடியைப் பார்த்தேன். தானாக விழுந்த இறகின் அடி காய்ந்து சுத்தமாக இருக்கும். செத்த சேவலில் பிடுங்கியதென்றால் துளி தோலாவது ஒட்டியிருக்கும். டப்பாவில் இருந்தவை எல்லாமே சுத்தம். ஆனாலும் நிம்மதி வரவில்லை. எதையும் சோப்பில் அலசிக் காயவைத்த பிறகுதானே நீ உள்ளே வைப்பாய்?

கொடுமுடிக்குப் போனேன். உன்னோடு ஆற்றில் தூண்டில் போடும் செல்வன் அவருடைய தோட்டத்தில் இருந்தார்.

"ஏனுங்க, எங்கண்ணன் சேவல்கட்டுக்கு வந்தாருங்களா?"

அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஒரே ஒரு தடவைங்க."

தோற்ற சேவல் ஜெயித்தவனுக்கு; அன்றைக்கே குழம்பாகிவிடும். ஒரு கண் போன சேவலை அப்படித் தூக்கிக்கொண்டு போனபோது, வேலிக்கு வெளியே நின்றிருந்த நீ அதைக் கேட்டு வாங்கினாயாம். அவர் தோட்டத்தில் விட்டுவைத்து, கொட்டும் இறகைப் பொறுக்கிக்கொண்டு போவாயாம்.

செத்தவனை நல்லவனாக்கிப் பேசுவது யாருக்கும் சுலபம். "ஒரே தடவைதானுங்களா?" என்று மறுபடி கேட்டேன்.

"நம்பலைன்னா சேவலைக் கேளுங்க அம்மணி. ஒத்தக் கண்ணுதான், ஆனா கூட இருந்து பாத்தது அதுதான்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சேவலைக் கவிழ்த்து வைத்திருந்த கூடையைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் கிடந்த ஒரு இறகைக் கைப்பையில் இருந்த உன் இறகோடு வைத்தேன். அதே செம்பு, அதே விறைப்பு. யாரும் அலசாத அந்த இறகின் அடியும் சுத்தமாக இருந்தது.

இறகு அவ்வளவுதான் சொல்லும். வேலிக்கு வெளியேதான் நின்றாயா? முதலில் அங்கே எதற்குப் போனாய்? இறகுக்கா, சண்டைக்கா?

ஈ கட்ட நானும் பழகுகிறேன் அண்ணா. தானாக விழுந்த இறகை மட்டுமே எடுப்பேன். அண்ணி எப்போது கேட்டாலும் தெரிந்ததை மட்டுமே சொல்வேன். உன்னைக் காப்பாற்ற ஒரு வார்த்தை கூட்டமாட்டேன், உன்னைக் குற்றம் சொல்லவும் கூட்டமாட்டேன். இது என் வாக்கு.

சேவலைக் கூடையோடு பஸ்ஸில் கொண்டுவந்து அண்ணியின் முன்னால் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன், அந்த ஒரு தடவையையும் சேர்த்து. அண்ணி குனிந்து சேவலின் குருட்டுக் கண்ணைப் பார்த்தார். "போகத்தான் போயிருக்காரு" என்றார். பிறகு உள்ளே போய் ஒரு கைப்பிடி கம்பு எடுத்துவந்து, பாப்பாவின் கையில் கொடுத்துச் சேவலுக்குப் போடச் சொன்னார்.

உன் கூடப்பிறந்தவள்,
அம்மணி