கருமாதி முடிந்த பிறகு வந்தவருக்கு

பக்கத்து வீட்டுப் பையன் லீவு முடிந்து இன்று பட்டாளத்துக்குத் திரும்பிப் போனான். காலையிலிருந்து பூட்ஸுக்குப் பாலீஷ் போட்டுக்கொண்டே இருந்தான். அந்த வாசனை சுவரைத் தாண்டி என் அடுப்படி வரைக்கும் வந்தது. பின்னாலேயே அவன் அம்மாவும் வந்தாள். நல்லவள்தான், குரலைத் தாழ்த்தித்தான் கேட்டாள்: "தப்பா எடுத்துக்காதீங்க அக்கா. அவன் பஸ் ஏறுற வரைக்கும் உள்ளயே இருந்துக்கிறீங்களா?" சரி என்று கதவைச் சாத்திக்கொண்டேன். நெற்றியில் பொட்டு இருக்கிறது, கழுத்தில் தாலி இருக்கிறது, இருந்தும் என் முகம் எதிரே வந்தால் ஆகாது. வெளியே மாலை போட்டு, சூடம் காட்டி அவனை அனுப்பிவைத்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன் மேல் இல்லை, அவன் என்ன செய்வான், பாவம். சண்டை என்றால் அதில் அடிபடுகிறவன் பட்டாளத்துக்காரன் மட்டும்தான் என்று நினைக்கிறார்களே, இந்த ஊர்க்காரர்கள் மேல்தான். உங்களுக்கு யார் மாலை போட்டார்கள்?

நீங்கள் துப்பாக்கியைத் தொட்டவர் இல்லை. மலாயாவுக்கு ரப்பர் பால் எடுக்கப் போனவர். கல்யாணம் முடிந்து பத்தாம் மாதம் கப்பல் ஏறினீர்கள், இரண்டு வருஷத்தில் வந்துவிடுகிறேன் என்றீர்கள். அங்கே ஜப்பான்காரன் வந்தான், இங்கே கடுதாசி நின்றது. பர்மா அரிசியும் நின்றுபோய் ஊரே கேப்பைக் கூழைக் குடித்தது. பானையைச் சுரண்டும்போதெல்லாம் உங்கள் அக்கா, "எந்தம்பி அங்க என்னத்தத் திங்கிறானோ" என்று என்னைத்தான் பார்ப்பார், உங்கள் பங்கை நான் தின்றுவிட்ட மாதிரி. எனக்குத் தெரிந்த யுத்தம் அவ்வளவுதான்.

சண்டை முடிந்த மறு வருஷம் அன்னவாசலிலிருந்து ஒருவர் வந்தார். மலாயாவில் உங்களோடு ஒரே தோட்டத்தில் வேலை பார்த்தவர். தோட்டத்து ஆட்களையெல்லாம் ஜப்பான்காரன் லாரியில் ஏற்றி, சயாம் காட்டுக்குள் ரயில் பாதை போடக் கொண்டுபோனதையும், அங்கே காலரா கண்டதையும், நீங்கள் அதில் போய்விட்டதையும் தரையைப் பார்த்தபடியே சொன்னார். உடம்பைப் பார்த்தீர்களா என்று கதவுக்குப் பின்னாலிருந்து நான் கேட்டேன். "காலராக் கொட்டகைக்குள்ள போன யாரும் வெளிய வரல தங்கச்சி" என்றார். நான் கேட்டதற்கு அது பதில் இல்லை. ஆனால் உங்கள் பங்காளிகளுக்கு அது போதும் என்று இருந்தது.

உடம்பு கிடைக்காத சாவுக்கு வைக்கோலில் ஆள் செய்வார்களே, அப்படி ஒன்று செய்து, உங்கள் கல்யாண வேட்டியை அதற்குக் கட்டி எரித்தார்கள். பதினாறாம் நாள் கருமாதி. புருஷனை இழந்த உங்கள் அக்காவே என் தாலியையும் அறுத்தார். எனக்கு அப்போது இருபத்து நாலு வயது.

ராஜாவின் சமஸ்தானம் போய் நாமெல்லாம் சென்னை மாகாணத்தோடு சேர்ந்த வருஷம், ஒரு மத்தியானம். நான் வாசலில் விதைக்கடலை உடைத்துக்கொண்டிருந்தேன். திருவரங்குளத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தே வந்த ஓர் ஆள், எலும்பும் தோலுமாக எதிரே நின்று, "கஞ்சி இருக்கா?" என்றார். முகம் தெரியவில்லை, குரல் தெரிந்தது. உங்களை உள்ளே கூட்டிக்கொண்டு போக எழுந்தேன். அதற்குள் உங்கள் அக்கா தலைவாசலில் இரண்டு கையையும் விரித்து நின்றுவிட்டார். அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. கருமாதி முடிந்தவன் தலைவாசல் வழியாக நுழைந்தால் குடும்பம் தாங்காது என்றார்.

உங்கள் பெரியப்பா நல்ல நாள் பார்க்கும் வரைக்கும் மூன்று நாள் மாட்டுக் கொட்டகையில் கிடந்தீர்கள். கஞ்சியைத் தூர வைத்துவிட்டு நகர்ந்துவிடச் சொன்னார்கள், ஏனென்றால் நான் இன்னும் அறுத்தவள், நீங்கள் இன்னும் செத்தவர். அப்போது நீங்கள் சொன்னது இன்னும் காதில் கிடக்கிறது: "ஜப்பான்காரன்கூட என்னைய ஆளுக கூடத்தான் படுக்க வச்சான்."

நாலாம் நாள் கொல்லைப்புறமாக உள்ளே கொண்டுபோய், தண்ணீர் ஊற்றி, வெள்ளைத் துணியில் படுக்கவைத்து, பிறந்த பிள்ளைக்குச் செய்வதுபோல நாக்கில் சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டுச் சேனை வைத்தார்கள். காட்டில் எலியைச் சுட்டுத் தின்று உயிரை வைத்திருந்த மனுஷர் நீங்கள். அந்த ஒரு சொட்டைச் சப்புக்கொட்டி விழுங்கினீர்கள், நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பழைய பெயர் செத்த பெயர் என்று 'பிச்சை' என்று பெயர் வைத்தார்கள். பிறகு புதிதாக ஒரு தாலியைக் கொடுத்து என் கழுத்தில் கட்டச் சொன்னார்கள். புருஷன் பெயரை நான் சொல்லக் கூடாது. பிச்சை என் புருஷன் பெயர் இல்லை, தாராளமாகச் சொல்லலாம். ஆனால் ஒரு நாளும் என் வாயில் அது வரவில்லை.

ஒரே ஒரு தடவை, காய்ச்சலில் கிடந்தபோது, சயாமைப் பற்றி நீங்களாகப் பேசினீர்கள். காலராக் கொட்டகையை ஆட்களோடு சேர்த்துக் கொளுத்தச் சொன்னானாம் ஜப்பான்காரன். கொளுத்தியவர் அந்த அன்னவாசல்காரர். பின்பக்கத் தட்டியைப் பிய்த்துக்கொண்டு நீங்கள் ஊர்ந்து வந்ததை அவர் பார்க்கவில்லை. நான் கொதித்துப்போய் எழுந்தேன். என் கையைப் பிடித்து உட்காரவைத்து, "அவன் கொளுத்தலைன்னா ஜப்பான்காரன் அவனையும் உள்ள தள்ளியிருப்பான். யார்ட்டயும் சொல்லாத" என்றீர்கள். இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் உங்கள் மனசு எனக்கு இல்லை. சந்தையில் நம்மைக் கண்டதும் அவர் அங்கிட்டுத் திரும்பிப் போவாரே, அப்போதெல்லாம் என் வயிறு எரிந்தது. அங்கே ஒருவர் எரித்தார், இங்கே ஊரே சேர்ந்து எரித்தது. நீங்கள் இரண்டையும் மன்னித்துவிட்டுப் பேசாமல் கடலைக்குக் களை வெட்டினீர்கள்.

விசேஷத்துக்கு யாரும் நம்மை அழைக்கவில்லை. பிள்ளையும் தங்கவில்லை. பத்து வருஷம் அந்தக் காட்டுக் காய்ச்சல் உங்களை அரித்து, ஒரு சித்திரையில் கொண்டுபோய்விட்டது.

அன்றைக்குத்தான் உங்கள் பெரியப்பா அந்த நியாயத்தைப் பேசினார். ஒருத்தனுக்கு இரண்டு தடவை கொள்ளி வைக்கவும் கூடாது, கருமாதி செய்யவும் கூடாது. "பிச்சை பொறந்து பத்து வருசந்தான ஆச்சு. சின்னப் பிள்ளைய எரிக்கிற வழக்கம் நமக்கு இல்ல. பொதைச்சிருவோம்" என்றார். சங்கு இல்லை, நெய்ப்பந்தம் இல்லை. நரைத்த தலையோடு இருந்த உங்களை, பால் மறக்காத பிள்ளையைப் போலக் குழி தோண்டி வைத்துவிட்டு வந்து கை கழுவினார்கள். உங்களுக்கு நெருப்பு பயம். எரிக்காமல் விட்டார்களே, அது மிச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

கருமாதி கிடையாது என்றவர்கள், பதினாறாம் நாள் தாலி அறுக்க மட்டும் மறக்காமல் வந்தார்கள். உங்கள் அக்கா என் கழுத்துக்குக் கையைக் கொண்டுவந்தார். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"நீங்க பொதைச்சது பத்து வயசுப் பிள்ளைய. பத்து வயசுப் பிள்ளைக்கு ஏது மதினி பொண்டாட்டி?"

எம்புருசனுக்கு வைக்கோல் ஆளை எரித்தபோதே எல்லாம் செய்து முடித்துவிட்டீர்கள், அதற்கு ஒரு தாலியும் கொடுத்தாகிவிட்டது, இது அவர் திரும்பி வந்து கட்டியது என்றேன். ஒவ்வொருவராக எழுந்து போனார்கள்.

அன்றிலிருந்து என்னைச் சுமங்கலிகளோடும் உட்காரவைப்பதில்லை, அறுத்தவர்களோடும் உட்காரவைப்பதில்லை. வேண்டாம், போகட்டும். நான் போனால் என்னையும் எரிக்க வேண்டாம், உங்கள் பக்கத்தில் புதைத்துவிட வேண்டும் என்று பங்காளிகளிடம் இப்போதே சொல்லிவைத்திருக்கிறேன். தாலி கழுத்திலேயே இருக்கட்டும். இதை அறுக்க இன்னொரு கை வரக் கூடாது.