நரித்தீவுக்கு ஒரு மதிப்புரை

ஆனி 3, திங்கள்
கச்சான் காற்று. வாய் முழுக்க மணல். பள்ளிக்கூடத்தில் என் வகுப்புப் பிள்ளைகளின் வாங்குகள் பாதி காலி.

மாலையில் மனைவி பாக்கியத்தின் தம்பி தம்பிராசா வந்தான். அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர். எழுதுவினைஞனுக்கு எழுத்து வரும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள் போலும். இளைஞர்களுக்கு வீரசாகச நாவல் எழுதி அச்சிட்டும் விட்டான். பெயர் 'நரித்தீவு மர்மம்'; தன் பெயரை 'த.ராசா' என்று போட்டிருக்கிறான். சனிக்கிழமை நாவற்குடாப் பள்ளி மண்டபத்தில் வெளியீடு. நான் மதிப்புரை சொல்ல வேண்டுமாம்.

"நீங்க சொன்னா ஸ்கூல் இன்ஸ்பெக்டர் ஐயா கேப்பார் அத்தான். பள்ளிக்கூடங்களுக்கு எடுத்திடுவார். அது நடந்தாப் போதும் எனக்கு."

வாங்கி வைத்தேன். அட்டையில் சிங்கம். நரித்தீவில் சிங்கம்! அதுவும் பிடரியோடு.

வாங்க வேண்டியவை: மண்ணெண்ணெய், மை, செருப்புக்கு ஆணி.

ஆனி 4, செவ்வாய்
மூன்று அதிகாரம் வாசித்தேன். இல்லை, விழுங்கினேன், பேதிக்கு எண்ணெய் குடிப்பது போல.

இரண்டாம் பக்கத்திலேயே வாவி மீன் பாடுகிறது, இந்த ஊரின் பழைய பெருமை. இந்த ஊரில் பேனா பிடிக்கிறவன் எவனும் மீனைப் பாடவிடாமல் கதை தொடங்கமாட்டான். கதாநாயகன் மாணிக்கன். வயது பதினாறு, முறுக்கு மீசை. கைத்துப்பாக்கி எங்கே கிடைத்தது என்று சொல்லவில்லை. கள்ளக்கடத்தல்காரர் நாலு பேர். நாலு பேருக்கும் ஒற்றைக் கண். ஆளுக்கு ஒரு கண்ணாக எடுத்துவிட்டால் வில்லன் ஆகிவிடுவான் என்று நினைப்பு.

பாக்கியம் மீன் கழுவிக்கொண்டே கேட்டாள்: "புயல் வாற இடம் வந்திட்டா?"

தம்பி கதை சொல்லி வைத்திருக்கிறான். "இன்னும் இல்லை. சிங்கம் வந்திட்டுது" என்றேன். அடுத்த மீனை எடுத்தாள். ஐந்தாம் வகுப்போடு நின்றவளிடம் இலக்கியம் பேசி என்ன பயன்?

யாழ்ப்பாணத்தில் இருந்திருந்தால் இந்தத் தலைவிதி இல்லை. மாற்றலாகி வந்தேன், கலியாணமும் செய்தேன். இங்கே வீடு பெண்ணுடையது. மாப்பிள்ளைதான் பெட்டியோடு வந்து இறங்க வேண்டும். அவள் வீட்டில், அவள் விளக்கில், அவள் தம்பியின் குப்பையை வாசிக்கிறேன்.

ஆனி 6, வியாழன்
காற்றுத் தணிந்தது. வியர்வை.

பதினோராம் அதிகாரம். விசித்திரம். சிங்கம் இல்லை, மீசை இல்லை, துப்பாக்கி இல்லை. பழுகாமத்து வயலிலிருந்து நெல் ஏற்றி வரும் தோணி. தகப்பனுக்குக் காய்ச்சல், மூட்டைக்கிடையில் சுருண்டு கிடக்கிறான். வாவி நடுவில் புயல். தோணி தள்ளும் கோல் முறிந்து போகிறது. பையன் தண்ணீரில் இறங்கி, முழங்கால்வரை சேற்றில் புதைந்து, தோணியைத் தோளால் தாங்கி நிற்கிறான், விடியும்வரை. காலடியில் ஏதோ நெளிகிறது. அழுகிறான். தகப்பனைத் திட்டுகிறான், பிறகு அவன் மூச்சு விடுகிறானா என்று காது கொடுத்துக் கேட்கிறான். கரை சேர்ந்த பிறகு விரல்கள் நிமிரவில்லை. தாய் சோறு ஊட்டுகிறாள்.

இரண்டு தரம் வாசித்தேன். மூக்கைச் சிந்தினேன். தடிமன் பிடித்துவிட்டது.

இது த.ராசாவால் முடியாது. 'குபீர்' என்ற சொல்லைப் பக்கத்துக்கு மூன்று தரம் போடுகிறவனுக்கு இந்த அடக்கம் எங்கிருந்து வரும்? பன்னிரண்டாம் அதிகாரத்தில் மறுபடி சிங்கம். ஆக, களவு. இங்கிலீசு நாவல் ஒன்றைப் பிய்த்து, கப்பலை எடுத்துவிட்டுத் தோணியைப் போட்டிருக்கிறான். அங்கேதான் மாட்டிக்கொண்டான்: நடு வாவியில் எவனாவது கால் ஊன்றி நிற்பானா? ஆங்கிலேயன் ஏதோ ஆழமில்லாத ஆற்றைப் பற்றி எழுதியிருப்பான். எருமை அதை இங்கே கொண்டுவந்து இறக்கிவிட்டது.

ஆனி 7, வெள்ளி
காலைத் தபாலில் மதிப்புரை கொழும்பு வாரப் பத்திரிகைக்கு. நறுக்கென்று நாலு பக்கம். கடைசிப் பந்தி களவைப் பற்றி. சந்தோஷமாக இருந்தது, மறைப்பானேன்.

பாக்கியம்: "புயல் வாசிச்சீங்களா?"
"வாசிச்சன்."
"எப்பிடி?"
"நாளைக்குச் சபையில சொல்லுவன், வந்து கேள்."

புதுச்சேலை எடுத்து வெயிலில் போட்டாள். தம்பிக்காக இவ்வளவு ஆர்ப்பாட்டம்.

ஆனி 8, சனி
வெளியீடு. எழுதியே ஆகவேண்டும்.

முதலில் வழக்கமான கூத்து. புத்தகம் தாம்பாளத்தில், பட்டுத்துண்டு போர்த்தி, மணப்பெண் மாதிரி. முதற்பிரதி ஊர்ப் பெரிய மனிதர் முதலியாருக்கு. இரண்டாவது யாருக்கு என்று தகராறு. கோயிலில் எந்தக் குடிக்கு முதல் மரியாதையோ அந்த முறைப்படிதான் இங்கேயும் கொடுக்க வேண்டும் என்று கோயிலை நடத்தும் வண்ணக்கர் எழும்பிவிட்டார். ஆரையம்பதியார் ஒருவர், "இது திருவிழாவா கா? கதைப் புத்தகம் கா!" என்று கத்தினார். சிங்கம் கேட்டிருந்தால் வெட்கப்பட்டிருக்கும்.

வாழ்த்துரை ஐந்து பேர். ஒருவரும் வாசிக்கவில்லை. ஒருவர் பிரதியில் தாள்கள்கூட வெட்டப்படவில்லை. மடித்து வந்தபடியே கையில் பிடித்துக்கொண்டு "பக்கத்துக்குப் பக்கம் இன்பம்" என்றார்.

பிறகு நான். மீன், மீசை, ஒற்றைக் கண், சிங்கம் எல்லாவற்றையும் வாங்குவாங்கென்று வாங்கினேன். சனம் சிரித்தது. த.ராசாவும் அசட்டுச் சிரிப்புச் சிரித்தான். முடிவில் சொன்னேன்: "பதினோராம் அதிகாரம் ஒன்றுதான் இலக்கியம். ஆகவே அது இவருடையதல்ல. ஆங்கிலத்தில் திருடியது. நடு வாவியில் காலூன்றி நிற்கலாம் என்று இந்த ஊரான் எவனாவது எழுதுவானா?"

பெரிய சிரிப்பு. பின் வாங்கு ஒன்றிலிருந்து ஒரு குரல்: "வாத்தியார், தோணி போற பாதையில கனக்க இடத்தில கழுத்துத் தண்ணிதான்! நாங்க எல்லாரும் அப்பிடித்தான் நிண்ட நாங்க!"

அப்போதுதான் உறைத்தது, சிரிப்பு எனக்கு என்று. ஆனால் இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. அவரும் வெளியூர். த.ராசாவைப் பார்த்து, "இதைத் தாங்கள்தான் எழுதினீர்களா?" என்றார்.

அவன் பெண்கள் பக்கம் பார்த்தான். தலையைக் குனிந்தான். "இல்ல ஐயா. அந்த அதிகாரம் நான் எழுதினதில்ல."

"அப்படியானால் பள்ளிக்கூடங்களுக்கு இதைச் சிபார்சு செய்ய இயலாது." புத்தகத்தைத் தாம்பாளத்திலேயே திருப்பி வைத்தார்.

நான் வென்றுவிட்டேன். தேநீருக்கு முன்பே பாக்கியம் எழுந்து போய்விட்டாள்.

மண்டபம் காலியான பிறகு த.ராசா விற்காத பிரதிகளைக் கட்டிக்கொண்டிருந்தான். "எந்தப் புத்தகத்தில எடுத்தனி?" என்றேன்.

"அது அக்கா எழுதினது அத்தான்."

மேலே கிடந்த பிரதியை எடுத்தேன். பதினோராம் அதிகாரத்தைப் பிரித்தேன்.

"பன்னிரண்டு வயசில அவதான் தோணியத் தாங்கிக்கொண்டு நிண்டவ. நான் மூட்டைக்கு மேல கிடந்து கத்திக்கொண்டிருந்தன். அதை எழுதித் தந்துபோட்டு, ஆரிட்டயும் சொல்லப்படா எண்டு சத்தியம் வாங்கினவ."

"ஏன்?"

"உங்களுக்குத் தெரிஞ்சா நீங்க சிரிப்பீங்களாம்."

கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டான். "சபையில சொல்லியிருக்கலாம். ஆனா சத்தியம். இப்பவும் சொல்லியிருக்கப்படா."

ஆனி 9, ஞாயிறு
மறுபடி கச்சான்.

தபால் கந்தோர் பூட்டு. நாளை விடியவே பத்திரிகைக்குத் தந்தி: 'மதிப்புரையை அச்சிட வேண்டாம்.' இன்ஸ்பெக்டரைப் போய்ப் பார்க்க வேண்டும். எந்த முகத்தோடு? அவரிடம் உண்மையைச் சொன்னால் அவள் பெயர் வெளியே வரும். சொல்லாவிட்டால் அவள் தம்பி கள்ளன்.

த.ராசாவை எருமை என்று எழுதியிருக்கிறேன், வியாழக்கிழமை. அந்தச் சொல் அங்கேயே இருக்கட்டும். ஆள் மட்டும் வேறு.

அவளிடம் என்ன சொல்வது? காலையிலிருந்து வசனம் கூட்டிப் பார்க்கிறேன். மன்னிப்பு என்று தொடங்கினால் பாடசாலைக் கடிதம் போல் இருக்கிறது. 'நன்றாயிருந்தது' என்றால் அவளுக்கு மார்க் போடுவது போல் இருக்கிறது. இருபது வருடமாகத் தமிழ் படிப்பிக்கிறேன்.

மத்தியானம் சோறு போட்டாள். பாரைமீன் குழம்பு. எதிரே இருந்து பனையோலை விசிறியால் ஈ ஓட்டினாள். விசிறி பிடித்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாம் சரியாக மடங்கி நிமிர்கின்றன.

"பாக்கியம்" என்றேன்.

"அந்த இங்கிலீசுப் புத்தகத்திட பேர் என்ன?" என்றாள். "நானும் வாசிக்கத்தான்."